சம்பவ தேதி

குழித்துறை வக்கீல் சங்க மாடி.
சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு.
ப்ரொஜெக்டர் வெளிச்சம் தவறி அலமாரியில் விழுந்து
பழைய தீர்ப்புத் திரட்டுகளின் முதுகெல்லாம் நீலம்.
நாற்பத்தோரு பேர். பாதிப்பேர் கோட்டைக் கழற்றி
நாற்காலிக்குப் போட்டுவிட்டோம்.

சட்டம் வரும் என்கிறார்கள்.
வருவதற்குள் படித்துவிடுங்கள் என்கிறார்
நாகர்கோவிலிலிருந்து வகுப்பெடுக்க வந்த ஷைனி மேடம்.
"காயம் தேடாதீங்க.
காயமே இல்லாம ஒருத்திய அடைச்சு வைக்கலாம்,
கதவு திறந்தே கிடக்கும்."

கைக்கொரு தாள். முதல் கட்டம்: சம்பவ தேதி.
இருபத்திரண்டு வருஷமாக என் பேனா
இந்தக் கட்டத்தில் ஊன்றித்தான் எழும்பும்.
தேதி, நேரம், ஆயுதம்.
ஆயுதமென்றால் வெட்டுகத்தி, பால்வெட்டுக் கத்தி,
ஒரு தடவை அம்மிக்குழவி.

"அதை அடிச்சிருங்க" என்றார்.
"எப்போ தொடங்கிச்சு? இன்னும் நடக்குதா?
அதை எழுதுங்க."

நாற்பத்தோரு பேனா கோடு கிழிக்கிற சத்தம்.

பெல்சிட்டா. மேல்புறத்துக்காரி. போன ஆனி மழையில்
என் ஆபீஸ் பெஞ்சில், நனைந்த குடையை
மடியிலேயே வைத்துக்கொண்டு.
எங்கே அடித்தான் என்று கேட்டேன்.
"அடிக்கல்ல சாரே.
ஆளு தமாமில்லா கெடக்கான்."

ஹாலில் ஒரு கேமரா, அடுக்களையில் இன்னொன்று.
சுவரிலிருந்து அவன் குரல் வரும்:
லைட்டு எதுக்கு எரியுது.
அது யாரு செருப்பு.
ஸ்கூட்டர் ஓடிய கிலோமீட்டரை
ராத்திரிதோறும் படமெடுத்து அனுப்ப வேண்டும்.
கூடினால் கேள்வி. குறைந்தாலும்.
நர்ஸிங் சர்டிபிகேட் மாமியார் பீரோவில்,
சாவி தமாமில்.

இதில் கேஸ் எங்கம்மா இருக்கு என்றேன்.
பீஸ் வாங்கவில்லை. அதை ஒரு
நல்ல காரியமாக நினைத்திருந்தேன்.

எழும்போது அவள் போன் அடித்தது. வீடியோ.
"ஆதார் திருத்த வந்தேன்" என்று
போனை என் பக்கம் திருப்பினாள்.
நான் சட்டென்று ஒரடி நகர்ந்து
சட்டப் புத்தக அலமாரியை மறைத்து நின்றேன்,
அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்.
யாரும் பயிற்சி தராமலே.

டீ வந்தது, ஏத்தம்பழ பஜ்ஜியோடு.
பொய்க் கேஸ் குவியாதா என்று ஏசுபாலன் கேட்க,
பின்வரிசையில் சிரிப்பு.
நானும் எழுந்தேன்:
"முன்தேதிக்குச் செல்லுமா மேடம்?"
"பின்னோக்கிப் பாயாது சார். உங்களுக்குத் தெரியாததா?"
தெரியும். உட்கார்ந்தேன்.

இன்னும் நடக்கிறதா என்ற கட்டம் மட்டும் பாக்கி.
நம்பர் கேட்டதற்கு, வேண்டாம் சாரே,
அதையும் பார்ப்பான் என்று போனவள்.
தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன்.

சர்டிபிகேட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து
எல்லோரும் வரிசையாக நின்றோம்.
"கேமராவப் பாருங்க சாரே" என்றான் போட்டோக்காரப் பையன்,
"நீங்கதான் சார், ரெண்டாவது வரிசை,
ஏன் நகருறீங்க?"