ஒன்பது டாலர் நாற்பது சென்ட்

கோடை விடுமுறைக்கு என் தோழி ஐஸ்கிரீம் கடையில் சேர்ந்தாள்.
நான் வெஸ்ட் கார்லன் பேருந்துக் கழகத்தில்,
உண்டியல் எண்ணும் அறையில்.

கல்லூரித் தாளில் அதற்குப் பெயர்
‘போக்குவரத்து நிதி, களப்பயிற்சி.’
ஜன்னல் கிடையாது. விரலெல்லாம் செம்பு வாடை.
நாணயங்களோடு வந்து விழுந்தவை:
இரண்டு சட்டைப் பொத்தான், கனடாக் காசு,
ஒரு பால்பல்.
பல்லை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டேன்.
“இதர” என்றான் டெல்ராய், தலை நிமிராமல்.

மூன்றாம் வாரம் ஒரு வகுத்தல் வந்தது என்னிடம்.
ஆண்டுச் செலவு மேலே, ஏறிய தலைகள் கீழே.
ஓர் ஆளை ஒருமுறை ஏற்றி இறக்க
ஒன்பது டாலர் நாற்பது.
உண்டியலில் விழுவது ஒன்றரை.

தப்பாகப் போட்டுவிட்டேன் என்று மறுபடி வகுத்தேன்.
ஏழு டாலர் தொண்ணூறு அசையாமல் நின்றது
வாசலில் நிற்கும் கடன்காரனைப் போல.

அதைத் தேடியதுதான் என் கோடை.

மூன்று டாலர் தலைநகரிலிருந்து வருகிறது,
நாற்பது பக்க விண்ணப்பத்தின் முதுகில்.
தேதி ஒன்று பிசகினால் வந்த வழியே போய்விடும்.
ஒரு டாலர் மாநிலத்தின் பெட்ரோல் வரி;
மின்சாரக் கார் ஒன்று தெருவில் இறங்கும்போதெல்லாம்
அது கொஞ்சம் வற்றுகிறது, சத்தமில்லாமல்.
அறுபது சென்ட், வண்டியின் பின்னால் ஒட்டிய
பல் வைத்தியரின் சிரிப்பு.
மிச்சம் மூன்று முப்பது
ஊர்க் கடைகளில், ரசீதின் அடியில்,
யாரும் வாசிக்காத வரியில்.
வரிதான் அது, இரண்டு பொருளிலும்.
நூறு டாலருக்குக் கால் டாலர்.

ஏரிக்கரைச் சாலைக்காரர் ஒருவர்
எண்ணூறு டாலருக்குத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்குகிறார்.
பேருந்தில் ஏறியதே இல்லை அவர்.
குறுக்கே நின்றால் ஹாரன் அடிப்பார்.
அவருடைய இரண்டு டாலர்
காலை நாலு ஐம்பதுக்கு, ஆறாம் எண் வண்டியில்,
விடுதியில் படுக்கை விரிக்கப் போகும் வெர்லினை
மூன்று நிறுத்தம் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறது.
ஊர் கூடித்தான் இழுக்கிறது இந்தத் தேரை.
இழுக்கிறவருக்குத்தான் தெரியாது
தன் கையில் வடம் இருப்பது.

நவம்பரில் அந்தக் கால் டாலர் வாக்குக்கு வந்தது.
புல்வெளிகளில் பலகைகள் முளைத்தன: ‘வரி போதும்.’
எங்கள் வீட்டு முன்னும் ஒன்று, அப்பா நட்டது.
நெடுஞ்சாலையில் தார் போடுகிறவர் அவர்.
அவர் சம்பளம் எந்தக் குழாயில் வருகிறதென்று
இரவுச் சாப்பாட்டில் நான் சொல்லவில்லை.
உப்பை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றோம்.

ஞாயிற்றுக்கிழமையை அட்டவணையிலிருந்து எடுக்கும் வேலை
பகுதிநேரமாக ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு வந்தது.
பத்தியைத் தேர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினேன்.
ஒரு கிழமை இவ்வளவு லேசாகப் போகும் என்று
நினைத்திருக்கவில்லை.

ஜனவரியில் பாடப்பிரிவுப் படிவம்.
மானியம் எழுதுகிறவர், பாலத்துக்கு வயது பார்க்கிறவர்,
சிவப்பு விளக்குக்கு நொடி குறிக்கிறவர்,
கட்டணம் இரண்டு சென்ட் ஏறினால்
எத்தனை பேர் நடப்பார்கள் என்று கணிக்கிறவர்.
ஒரு பேருந்துக்குப் பின்னால்
இத்தனை பேரா ஓடிவருகிறார்கள், கையை ஆட்டியபடி?
‘நிதி’ என்று எழுதினேன்.
தோழி சிரித்தாள். “இன்னும் சில்லறைதானா?”

வண்டியில்லாத முதல் ஞாயிறு.
பனி விலக்காத நடைபாதையில்
வெர்லின் போய்க்கொண்டிருந்தாள்.
அவளுக்கு என்னைத் தெரியாது.
காரை நிறுத்தி ஏறச் சொன்னேன்.

விடுதி வாசலில் இறங்கும்போது
கையுறையைப் பல்லால் கழற்றி
ஒன்றரை டாலரை எண்ணி வைத்தாள்,
முன்கண்ணாடிக்கு அடியில்.
வேண்டாம் என்றேன்.
“கணக்குன்னா கணக்கு” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பெட்ரோல், டயர், என் ஞாயிறு.
நான் வகுத்துப் பார்க்கவில்லை.