மீதிச் சில்லறை

எங்கள் தீவில் தேவாலயத்துக்குள் யாருக்கும் குளிர்வதில்லை.
சால்மன் பண்ணை ஓட்முண்ட், மனைவி இறந்த வருடம்,
தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதித்துக் கொடுத்தார்.
காலணியை வாசலில் விட்டுவிட்டு
காலுறையோடு உட்கார்ந்து ஜெபிக்கிறோம்.
பிரசங்கம் பாதியை எட்டும்போது
பாதி சபைக்குக் கண் சொருகும்.
போதகர் இங்குன் குரலை உயர்த்துவதில்லை.
அவரும் காலுறையோடுதான் நிற்கிறார்.

நான் பொருளாளன். இருபத்தாறு வருடம்.
காணிக்கை இப்போதெல்லாம் மாதம் பிறந்ததும்
வங்கியிலிருந்து தானே வந்து விழுகிறது,
மின்கட்டணம் போல, படகுக் காப்பீடு போல.
இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டுமாம்.
எங்களில் வலக்கைக்கே தெரியாது.

ஆனாலும் தட்டு சுற்றிவரும். வழக்கம்.
வெறும் தட்டு கைமாறினால் பார்க்க நன்றாயிராது என்று
மூன்று இருபது குரோனர் நாணயங்களை
முன்கூட்டியே அதில் போட்டுவைப்பேன்,
கோழி வந்து முட்டையிடட்டும் என்று
கூட்டில் பொய்முட்டை வைப்பதுபோல.
ஆராதனை முடிந்ததும் அதே மூன்றும்
என் இழுப்பறைக்குத் திரும்பும்.
எத்தனை வருடமோ. தேயக்கூட இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு.
பனி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது.
கடைசி வரிசையில் டைவா.
லிதுவேனியாக்காரி. ஆலையில் மீனுக்குக் குடல் எடுக்கிறாள்.
ஓட்முண்டின் ஆலைதான்.
கத்தோலிக்கக் கோயிலுக்குப் படகில் இரண்டு மணி நேரம்,
அதனால் எங்களிடம் வருகிறாள்.
காலணியை மட்டும் கழற்றமாட்டாள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

தட்டு அவளிடம் போயிற்று.
கோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள்,
காட் மீன் படம் போட்ட இருநூறு,
நாலாக மடித்தது.
வைத்தாள்.
பிறகு, ஒளிக்காமல், அவசரப்படாமல்,
தட்டிலிருந்து இரண்டு நாணயங்களை எடுத்துக்கொண்டாள்.

ஆர்கன் மேலிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்த சீக்ரித்
தவறான கட்டையை அழுத்தினாள்.
அந்த அபஸ்வரத்தில்
தூங்கிய பாதி சபை விழித்தது.

காப்பி நேரத்தில், பழுப்புப் பாலாடைக்கட்டித் தட்டுக்குப் பின்னால்
அவளை ஒதுக்கமாக நிறுத்திக் கேட்டேன், மரியாதையாகத்தான்.
நான் எதையும் மரியாதையாகத்தான் கேட்பேன்.
"பஸ்ஸுக்கு நாற்பது. நாளைக்குச் சம்பளம்" என்றாள்.
கடையில் மீதி வாங்கியவளின் முகம்.
நான் நினைத்தது என்னவென்று
அவளுக்குத் தோன்றவே இல்லை.
"சாட் நாட்டில் கிணறு வெட்டத்தானே?" என்று மட்டும் கேட்டாள்.
ஆமாம், அன்றைய காணிக்கை அதற்குத்தான்.
எனக்கு மறந்திருந்தது.

இரவு கணக்கேட்டைத் திறந்தேன்.
நூற்றறுபது என்று எழுதினேன். அடித்தேன்.
இருநூறு என்று எழுதினேன்.
அப்படியானால் அந்த நாற்பது என்னுடையது;
இத்தனை வருடத்தில் நான் அறிய
என் கையைவிட்டுப் போன முதல் காசு.
அதுவும் நான் கொடுக்கவில்லை. அவள் எடுத்தாள்.

விடியும்வரைக்குத் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று
அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
எனக்கு எவ்வளவு?
ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன்.
வீடு. படகு. மலைக் குடிலின் கூரை.
மார்ச்சில் கானரித் தீவுகளுக்கு இரண்டு டிக்கெட்.
படகுக்கு இன்னொரு எஞ்சின், இது நின்றுபோனால்.
மகனுக்கு ஏதாவது, அவனுக்கும் ஏதாவது நின்றுபோனால்.
பக்கம் நிறைந்தது. திருப்பினேன்.
பின்பக்கமும் நிறைந்தது.
அடிக்கோடு போட்டுக் கூட்ட மனம் வரவில்லை.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு, யாரும் வருமுன்,
மிஞ்சிய ஒற்றை நாணயத்தைத் தட்டில் வைத்தேன்.
உலோகத்தில் அது தனியாகச் சத்தம் போட்டது.
இன்னும் ஏதாவது வைக்கலாம் என்று
கோட்டுப் பையில் கையை விட்டேன்.
பணப்பை அகப்பட்டது.
உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.
கையை அங்கேயே
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.