இரண்டு குப்பி

அப்போதெல்லாம் ஒரு பெட்டிக்குள்
இரண்டு குப்பி வரும்.
ஒன்றில் வெள்ளை.
அது இறுகிப்போனால் இளக்கிக்கொள்ள
இன்னொன்றில் தண்ணீர் மாதிரி ஏதோ.
இருபத்தைந்து ரூபாய்.

அல்சூரிலிருந்து மர்ஃபி டவுன் போகிற சந்தில்
எங்கள் ஸ்டேஷனரி கடை.
ஸ்கூல் விட்டு வந்ததும் ஐந்திலிருந்து எட்டு வரை
கல்லாவில் நான்.

எட்டியப்பன் வந்து வாங்கினான்.
என் வகுப்புதான், எட்டாவது பி.
கணக்கு டெஸ்டுக்கு என் பேனாவை இரவல் கேட்பவன்
எதை அழிக்கப்போகிறான் என்று
எனக்குத் தோன்றவில்லை.
சில்லறை சரியாக இருந்தது.
நோட்டில் எழுதினேன்: ஒயிட்னர் 1.

அந்த மாதம் மொத்தம் முப்பத்தொன்று.
"பசங்க நல்லா படிக்கிறாங்க போல"
என்றார் அப்பா.

முதலில் கண்டுபிடித்தது என் தங்கை.
கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரம்
மூடி திறக்காத வெள்ளைக் குப்பிகள்,
ஒரு குடம் தேறும்.
பத்து விரலிலும் பூசிக்கொண்டு
மணப்பெண் மாதிரி வந்து நின்றாள்.
தப்பை மறைக்கிற குப்பியை வீசிவிட்டு
மற்றதை மட்டும்
யாரோ எடுத்துப்போகிறார்கள்.

ஜூலையில் ஸ்கூலுக்கு ஒரு அக்கா வந்தார்,
சுருட்டிய சார்ட்டோடு.
ஒரு கல்லீரல் சிவப்பாக, ஒன்று கரியாக.
காலிஃபிளவர் போல மூளை.
குடித்தால், புகைத்தால், முகர்ந்தால்
என்று மூன்று கட்டம் போட்டு எழுதச் சொன்னார்.
மரணத்துக்கு எந்த 'ண' என்று
கடைசி பெஞ்சில் சண்டை.
"உங்கள்ல யாராவது இதையெல்லாம் பார்த்திருக்கீங்களா?"
ஒரு கையும் எழவில்லை.
என் கை மடியிலேயே கிடந்தது,
கல்லாப்பெட்டியின் இரும்பு வாசனையோடு.
எட்டி தூங்கிக்கொண்டிருந்தான்.
உதட்டைச் சுற்றிப் புண்ணாய் ஒரு வளையம்.
சார்ட்டில் அது இல்லை.

பதினேழாம் வாய்ப்பாட்டை
ஒரே மூச்சில் சொன்னவன் அவன்.
ஏழெட்டு எவ்வளவுடா என்று சார் கேட்டபோது
சிரித்தான்.
பதில் எங்களிடம் இருப்பதுபோல
ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.
கபடியில் பாடிப் போனவன்
கோட்டைத் தொடும் முன்பே இருமி உட்கார்ந்தான்.
எப்போதும் ஒரே கைக்குட்டை.
துவைக்கக் கேட்டாலும் தருவதில்லையாம்.

சொன்னது அவன் அம்மா.
கார்மெண்ட்ஸ் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சு ஒட்ட,
கடை வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்:
"நோட்டு வாங்கணும்னு தினம் காசு கேக்கிறான்.
எவ்வளவு எழுதுறான்மா என் புள்ளை!"

முப்பத்தொன்றில் பத்தொன்பது அவனுடையது.
அன்று ராத்திரி எண்ணிப் பார்த்து
அப்பாவிடம் சொன்னேன்.
சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.
"நாம விக்கலைன்னா எதிர்க்கடையில விப்பான்."
அது பொய்யில்லை.

மறுநாள் மழை.
எட்டி வந்தான்.
சட்டையிலிருந்து இனிப்பாய் ஒரு மண்ணெண்ணெய் வாடை.
"ஸ்டாக் இல்ல."
என் தலைக்குப் பின்னால் மூன்று பெட்டி.
அவன் பார்த்தான்.
நான் பார்த்ததையும் பார்த்தான்.
கோபப்பட்டிருந்தால் தேவலை.
"எப்போ வரும்?" என்றான், பொறுமையாக.
"வராது."
நனைந்துகொண்டே
எதிர்க்கடைக்குப் போனான்.
பதினைந்து அடி.
ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம்.
கல்லாவை விட்டு எழுந்தால் அப்பா திட்டுவார்
என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்த
பெரிய விளைவு.

அவன் செத்துப்போனான் என்று சொன்னால்
பாடம் சீக்கிரம் முடிந்துவிடும்.
சாகவில்லை.
மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான், முடிகிற நாட்களில்.
டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கிறான்,
அப்படியும் பாதி புறங்கையில்.
காசு கொடுக்கிற என்னை நிமிர்ந்து பார்த்து
ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறான்:
"உன் பேர் என்னா?"

"பூங்கோதை."

"பூங்கோதை" என்கிறான்,
வாய்க்குள் வைத்துக்கொள்ளப் பார்ப்பவன் போல
இன்னொரு தரம் சொல்கிறான்.

ஏழெட்டு எவ்வளவு என்று
நான் கேட்பதில்லை.