கணக்கு உதைக்கும் இடம்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
மீனைப் பின்பக்கமாக நடத்திச் செல்பவள் என்பேன்.
தட்டிலிருந்து வாணலிக்கு, வாணலியிலிருந்து பெட்டிக்கு,
பெட்டியிலிருந்து குளிர்கிடங்கு, கப்பல், வலை,
கடைசியில் ஓர் அட்சரேகை.
அதற்கு அப்பால் போக எனக்குச் சம்பளம் இல்லை.

பன்னிரண்டு வருடம். வீகோ துறைமுகம், மூன்றாவது மாடி.
சன்னல் உண்டு; மழை விட்ட நாளில் தீவுகள் தெரியும்.
அப்படிப்பட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.
ஏலக்கூடத்துத் தோரிந்தா சிரிப்பாள்:
"மீனைத் தொடாமல் மீனில் பிழைக்கிறவள்
இந்த ஊரில் நீ ஒருத்திதான்."

தொடத் தேவையில்லை. எண்களே நாறும்.
நூறு கிலோ கணவாயில் தலையும் குடலும் போனால்
ஐம்பத்திரண்டு மிஞ்சும், அதிகம் போனால் ஐம்பத்தைந்து.
எழுபத்தொன்று என்று ஒருவன் எழுதி அனுப்பினால்
பனிக்கட்டிக்கும் விலை போட்டிருக்கிறான்,
அல்லது வேறொரு படகின் பிடியை
இதன் வயிற்றில் ஏற்றியிருக்கிறான்.
கணக்கு உதைக்கும்.
உதைக்கிற இடத்தில் விரலை வைக்கத்தான்
எனக்கு நாற்காலி.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்
கிடங்கிலிருந்து எலாதியோ கூப்பிட்டான்.
வாள் எந்திரக்காரன்; பத்துக் கிலோ உறைகட்டியைப்
பாதிபாதியாக அறுப்பவன்.
"இரியா, கீழே வா. உள்ளே ஒரு கை இருக்கிறது."
நான் படியிறங்கி முடிப்பதற்குள் திருத்திக்கொண்டான்:
"கை இல்லை. உறை மட்டும்."

இடது கை. ஆரஞ்சு ரப்பர்.
கணவாய்களோடு கணவாயாக, விரல்களை மடக்கி,
மைனஸ் இருபத்திரண்டில் படுத்திருந்தது.
மணிக்கட்டில் கறுப்பு மையால் மூன்று எழுத்து.
எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து.
எலாதியோ தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.
அப்போதும் தெரியவில்லை.

படிவத்தில் இதற்கும் இடம் உண்டு:
அயற்பொருள், வகை நான்கு, ரப்பரும் நெகிழியும்.
(உலோகம் என்றால் வகை இரண்டு.)
நிரப்பினேன், கையெழுத்திட்டேன்,
பெட்டி எண்ணைத் தட்டினேன்.

பெட்டி எண் மோன்டேவிடியோவைக் காட்டியது.
மோன்டேவிடியோ, நடுக்கடலில் சரக்கு மாற்றிய
ஒரு குளிர்கப்பலைக் காட்டியது.
குளிர்கப்பல் பதினாறு படகுகளை.
அவற்றில் ஒன்று பத்தொன்பது நாள்
வரைபடத்தில் தன் புள்ளியை அணைத்துவிட்டிருந்தது.
செயற்கைக்கோள் படத்தில் மட்டும், இரவில்,
எல்லைக்கோட்டுக்கு உள்ளே,
யாரோ ஊருக்குப் போகும்போது நிறுத்த மறந்த விளக்கு மாதிரி.
அந்தப் படகின் விழுக்காடு எழுபத்தொன்று.

அதன் நீளம் எனக்குத் தெரியும். எஞ்சின் தெரியும்.
எத்தனை விளக்கு, எத்தனை தூண்டில் எந்திரம், எல்லாம்.
ஆட்கள் என்றொரு பத்தி என் அட்டவணையில் இல்லை.
பன்னிரண்டு வருடமாக இல்லை.
அன்றுதான் பார்த்தேன்.
அது இல்லாததற்காக
ஒரு கணக்கும் ஒரு நாளும் உதைத்ததில்லை.

அன்று மாலை பொவுஸாஸ் மதுக்கடையில்
கணவாய் வறுவல் வைத்தார்கள். சாப்பிட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.

அறிக்கை போயிற்று. வாங்குபவர் அந்தப் படகை நிறுத்தினார்.
மே மாதம் வேறு பெயரில், புது வண்ணத்தில் திரும்பி வந்தது.
விழுக்காடு இப்போது ஐம்பத்து மூன்று.
அப்பழுக்கில்லாத ஐம்பத்து மூன்று.
என் அறிக்கையை
யாரோ மிகக் கவனமாகப் படித்திருக்கிறார்கள்.

வகை நான்கைத் தொண்ணூறு நாளில் அழிக்க வேண்டும்.
அழித்ததாக எழுதிவிட்டேன்.
நான் எழுதிய ஒரே பொய்க்கணக்கு
வீட்டு உறைபெட்டியில்,
பட்டாணிப் பைக்கும் ப்ரையிஸின் ஐஸ்கிரீமுக்கும் நடுவே கிடக்கிறது.
"வெளியே எடுத்து வை, எழுத்தாவது தெளியும்" என்கிறான் அவன்.

மை ஓடிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
காரணம் அது இல்லை.
அந்த விரல்களை இன்னும் மடக்கி வைத்திருப்பது
பனி மட்டும்தான்.