பிளக்கைத் திருப்பிப் போடுதல்

கோர்லிட்ஸ் நகரம், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி,
நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.
கருவிப்பெட்டியோடு மூச்சு வாங்க நின்றேன்.
கதவைத் திறந்த எக்கார்ட் ஷோல்ட்ஸெ சொன்னார்:
"ஷூ கிடக்கட்டும்.
பேசாமல் ஒரு நிமிடம் கேளுங்கள்."

ம்ம்ம்ம் என்றது அறை.
நொடிக்கு ஐம்பது முறை அதே மெய்யெழுத்து.
அதன் மேல் ஒரு செல்லோ
பிழியாத துணிபோல் கிடந்தது.

இருபத்தாறு வருடமாக மின்வேலை பார்க்கிறேன்.
அடுமனை அடுப்பு, குளியலறை ஹீட்டர்,
ஒருமுறை சவப்பெட்டிக் கடைக்குப் பெயர்ப்பலகை விளக்கு.
இசைக்கென்று எவரும் கூப்பிட்டதில்லை.

எங்கள் நாட்டு பிளக்குக்குத் தலைகால் கிடையாது.
எப்படிச் செருகினாலும் உள்ளே போகும்.
எந்தத் துளையில் ஃபேஸ், எதில் நியூட்ரல்?
சுவருக்குக் காது உண்டு,
வாய் இல்லை.

"திருப்பிப் போட்டால் பாட்டு அகலமாகிறது."
அகலமா?
அளவு நாடா எடுக்கட்டுமா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஒயர்களை உருவி
ஆம்ப்ளிஃபயரைத் தனியாக்கினேன்.
மீட்டரின் ஒரு முனை அதன் உடம்பில்,
மறுமுனை சுவரின் எர்த்தில்.
தொண்ணூற்றிரண்டு வோல்ட்.
பிளக்கைத் திருப்பினேன்.
முப்பத்தொன்று.

"பார்த்தீர்களா!"
குழந்தைபோல் கை தட்டினார்.

நான் பார்த்தது வேறு.
அது எர்த் உள்ள பெட்டி.
எப்படிச் செருகினாலும்
பூஜ்யம்தான் காட்டியிருக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன்.
எர்த் தகடுகள் இரண்டின் மேலும்
கண்ணாடி டேப்,
கத்தரியால் அளவெடுத்து வெட்டி,
நகத்தால் நீவி ஒட்டியது.

"ஒட்டியதும் இரைச்சல் பாதி போய்விட்டது…"

இரைச்சல் போகும்.
ஒருநாள் உள்ளே ஓர் ஒயர் தோல் உரிந்தால்
வால்யூம் திருக வந்த விரலோடு
நீங்களும் போவீர்கள்.
மண்ணுக்குப் போகவேண்டியது மின்சாரம், ஐயா,
நீங்கள் அல்ல.

கொஞ்சம் கத்திவிட்டேன் போல.
சமையலறைக்குப் போய்
இரண்டு கோப்பைகளை வெகுநேரம் கழுவினார்.

டேப்பை உரித்தேன். எல்லாவற்றையும் மீண்டும் இணைத்தேன்.
ம்ம்ம்ம் இரு மடங்காகத் திரும்பி வந்தது,
வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மருமகன்
வக்கீலோடு வருவதுபோல.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
கிராமஃபோன் தட்டு: மாற்றமில்லை.
சிடி: மாற்றமில்லை.
ட்யூனரிலிருந்து ஆன்டெனா கேபிளை இழுத்தேன்.

நின்றது.

கூரையில் ஒரு மண், சுவரில் ஒரு மண்.
இரண்டுக்கும் நடுவே வளையமாகிக்கிடந்த கம்பியில்
இத்தனை காலமும் கட்டடமே முனகியிருக்கிறது.
கட்டைவிரல் பருமனில் ஒரு தடுப்பான்,
பதினான்கு யூரோ,
கேபிளின் குறுக்கே வைத்தேன். முடிந்தது.

அவர் விடவில்லை.
கண்ணை மூடி நாற்காலியில் அமர்ந்து,
"இப்போது திருப்புங்கள்" என்றார்.
பத்து முறை கேட்டார்.
சிலமுறை திருப்பினேன்.
சிலமுறை திருப்புவதுபோல் சத்தம் மட்டும் எழுப்பினேன்.
ஏழு சரியாகச் சொன்னார்.
நாணயத்தைச் சுண்டினாலும்
சில நாள் ஏழு விழும்.

ஆறாவதோ ஏழாவதோ முறை,
வில் கம்பியைத் தொடுமுன்
வாசிப்பவள் மூக்கால் மூச்சிழுத்தது கேட்டது.
எனக்கு.
அவரிடம் சொல்லவில்லை.
மீட்டரில் வராததைப் பில்லில் எழுத முடியாது.

புறப்படும்போது பிளக்கின் ஒரு பக்கத்தில்
சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.
யாருடைய நகப்பூச்சு என்று கேட்கவில்லை.

இரவு வீட்டில்
சமையலறை ரேடியோவின் பிளக்கை உருவி,
திருப்பிச் செருகினேன்.
"என்ன ஆச்சு?" என்றான் ஹென்னிங்.
ஒன்றுமில்லை.
நாளையும் மழை என்றது ரேடியோ,
அதே அகலத்தில்.