லைன் கிளியர்

கோத்தகிரியில் ஐப்பசி,
பதினோராவது நாளாக மழை.
எஸ்டேட்டுக்குக் கீழே ஒரு கற்பூர மரம்
கம்பிமேல் சாய்ந்து படுத்துவிட்டது.
சப்ஸ்டேஷனில் நானும் போனும்.

"லைன் போயிருச்சும்மா."
"எந்த லைன்?"
"அஞ்சாம் லைன்."
அஞ்சாம் லைன் எங்கே போகும்?
பன்னிரண்டு கதவு, ஒரே தகரம், ஒரே குழாய்,
அறுபது வருஷமாய் அதே சரிவில் நிற்கிறது.
"லைன்லயே இருங்க, பாக்குறேன்."
"லைன்லதான இருக்கோம்,
ரிட்டயராகி ஆறு மாசம்,
காலி பண்ணச் சொல்றானுங்க,
வேற எங்க போக?"
ஞானசுந்தரி என்று பேர் சொன்னாள்.
அதை எழுத என்னிடம் கட்டம் இல்லை.

ரேஷன் கடையிலிருந்து:
லைன் ரோடு வரைக்கும் வந்தாச்சு,
மிஷின் செத்துக் கிடக்கு,
யார் கைரேகையும் விழலை.

பேக்கரி பெள்ளன்:
முப்பது வருஷமா இந்த லைன்ல இருக்கேன்,
வர்க்கி மாவு இப்படிப் புளிச்சதில்ல.

இன்னொருத்தன் கரண்ட்டே கேட்கவில்லை.
மேடம் குரல் நல்லாருக்கு என்றான்.
லைன் விடுகிறானாம்.
எனக்கு நாற்பத்தாறு வயசு.
வைடா போனை.

ரெஜிஸ்டரில் இன்றைக்கு ஒரே பதிவு.
2.40. லைன் கிளியர் கொடுக்கப்பட்டது.
பெற்றவர்: யோகநாதன், லைன்மேன்.
இந்த ஓர் அர்த்தத்துக்கு மட்டும்
கையெழுத்து வேண்டும்.
அவன் மேலே இருக்கிறான்.
இறங்கி, அவன் வாயால் சொல்லும்வரை
ஹேண்டிலில் தொங்கும் சிவப்பு அட்டையை
கலெக்டரே வந்தாலும் எடுக்க மாட்டேன்.

எனக்குமுன் இந்த நாற்காலியில் இருந்தவர்
ஒரு குரலை
இன்னொரு குரல் என்று நினைத்துவிட்டார்.
குன்னூரில் இருக்கிறார்.
போன் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்
வந்து எடுக்க வேண்டும்.

நாலரை. ஐந்து. மூடுபனி ஜன்னலுக்கு வந்துவிட்டது.
யோகநாதன் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே.
ஒவ்வொரு மணிக்கும் எழுந்து நிற்கிறேன்,
ஒவ்வொரு மணியும்
எப்ப வரும், எப்ப வரும்.

ஆறு பத்துக்கு மறுபடி ஞானசுந்தரி நம்பர்.
வீடு காலி பண்ணும் கதைக்கு
மனசைத் தயார்ப்படுத்தி எடுத்தால்
"அக்கா, நான்தான். என் போன் நனைஞ்சிருச்சு.
ஆள் சாமான் எல்லாம் எறங்கியாச்சு,
லைன் கிளியர் ரிட்டர்ன்."

மழை இரைச்சல். பாதிக் குரல்.
ரூல் புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்று கேட்டேன்:
"நேத்து என் டிபன்ல என்னடா இருந்துச்சு?"
"அவரைக்காய்." கொஞ்சம் யோசித்து,
"உப்பு ஜாஸ்தி."

அட்டையைக் கழற்றினேன்.
ஹேண்டிலைத் திருப்பினேன்.

போனை அவன் அணைக்கவில்லை,
அந்தம்மா கையில் அப்படியே கொடுத்திருப்பான்.
நானும் லைனிலேயே இருந்தேன்.
பன்னிரண்டு வீட்டு டிவியும்
ஒன்றன்பின் ஒன்றாக,
விட்ட இடத்திலிருந்து இல்லாமல்
வேறெங்கோ நடுவிலிருந்து
பேச ஆரம்பித்தன.