நூற்று நாற்பத்தேழு

அறுவை அரங்குக்கும் என் அறைக்கும் நடுவே
மருந்துக்கடை ஜன்னல் போல ஒன்று.
அதன் வழியே முதல் கிண்ணம் வருகிறது.
உள்ளே ஒரு நொய் அளவு சதை.
"ஒண்ணு. நடுவுலேர்ந்து,"
மெஹருன்னிசா டாக்டரின் குரல், முகமூடிக்குள்.

கண்ணாடித் தகட்டில் தேய்த்து வைக்கிறேன்.
மெத்தனால் சாரல் அதன்மேல் விழுந்து
கரைந்ததை அள்ளிக்கொண்டு
இயந்திரத்தின் வாய்க்குள் ஓடுகிறது.
அது நிறுக்கும். மூலக்கூறுகளை நிறுக்கும் தராசு,
வேறெதுவும் தெரியாது.

திரையில் நூற்று நாற்பத்தேழில் முள் எழுந்தால் கட்டி.
நூற்று எழுபத்துநான்கில் எழுந்தால்
நரம்பணு தனக்கென்று சமைத்து வைத்திருப்பது,
அதாவது அது இன்னும் அவர்தான்.
ஒன்று, நான்கு, ஏழு.
அதே மூன்று பேர்
இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் கிண்ணம் நாற்பத்தேழு,
தென்னை மாதிரி நிற்கிறது.
சொல்கிறேன். உறிஞ்சுகுழாய் சத்தம்.

பக்கிரிசாமிக்கு வலங்கைமான் பக்கம்.
கொள்முதல் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக
நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறவர்.
மண்டை திறந்திருக்க, விழித்திருக்கிறார்.
பச்சைத் துணிக்கு அந்தப்புறம் ஆக்னஸ் படம் காட்டுகிறாள்.
காக்கா என்கிறார். பூட்டு என்கிறார்.
படம் தீர்ந்ததும் நெல் ரகம் சொல்லச் சொல்கிறாள்.
"ஏடிடீ நாப்பத்தஞ்சு. பீபீடி. பொன்மணி."
ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்கிறது.

நேற்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார்,
மழித்த தலையில் மார்க்கர் கோட்டோடு.
"இதுல என்னத்தப் போடுவீங்க, கைப்பிடியா?"
"ஒரு நொய்."
"எம்புட்டு நேரம்?"
"ரெண்டு நிமிஷம்."
"நம்ம மீட்டரு அரை நிமிஷம்," சிரித்தார்.
பிறகு சிரிக்காமல்,
"பதினேழுன்னா எடுத்துக்கலாம். பதினேழரைன்னா
ஆளு மூஞ்சியப் பாக்கப்படாதும்மா.
பாத்தா கை நடுங்கும்."
நான் அவர் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் கிண்ணத்தில் இரண்டு முள்ளும்.
ஆறில் எழுபத்துநான்கு உயரமாக,
மற்றது கோரைப்புல் அளவு.
வெளியே காலம் தப்பிய மாசி மழை.
சாலியமங்கலம் ரோட்டில் என் அண்ணன்
ஒன்பது நாள் நெல்லுக்குத்
தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருப்பான்.

ஏழு, பின்பக்கச் சுவரிலிருந்து.
பேச்சுக்கு ஒரு விரற்கடை.

முள் எழும்போதே ஒலிபெருக்கியில்
"பொன்" என்றார்.
"பொன்... பொன்..."
ஆக்னஸ் காத்திருந்தாள்.
"பொன்... அது... வாங்க, வாங்க."

"செவன் என்ன?"
ஜன்னலண்டை போனேன்.
"இருக்கு மேடம். நாப்பத்தேழு."

கேட்டது தெரிந்தது.
கருவி பிடித்த கை மட்டும் அந்தரத்தில்.
நான் இரண்டாம் முறை ஓட்டினேன்.
அதே எண், கொஞ்சம் குட்டையாக.
சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"கழுவுங்க," என்றார் டாக்டர். "போதும்."

உப்புத் தண்ணீர் ஊற்றும் சத்தம்,
வரப்பில் மடை திறந்தாற்போல, பிறகு
"மணி," என்றார் பக்கிரிசாமி,
யாரும் கேட்காமலே.
"பொன்மணி. எத்தன சிப்பம்?"
ஆக்னஸ் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
ஏழு. நூற்று நாற்பத்தேழு. விடப்பட்டது.
பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம்.
பேனாவை அதில் வைத்து,
வைத்த புள்ளியோடு எடுத்துவிட்டேன்.

தகட்டை ஸ்பிரிட்டில் போட்டுவிட்டு
அண்ணனுக்குப் போன் செய்தேன்.
மழைச் சத்தத்தில்
அவன் சொன்னது பதினேழா, பதினெட்டா,
சரியாகக் கேட்கவில்லை.